நீ அனுப்பிய கட்டுரையின் மூன்றாம் பக்கம்

அன்புள்ள ராமலிங்கத்துக்கு, அம்மா எழுதுவது.

நீ தபாலில் அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது. மூன்று பக்கம் அனுப்பியிருந்தாய். இந்தக் கடிதத்தோடு இரண்டு பக்கம்தான் திரும்பி வருகிறது. உறையை உதறிப் பார்க்காதே, தபால்காரரையும் திட்டாதே. மூன்றாவது பக்கத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். கை தவறி விழவில்லை. படித்துப் பார்த்து, மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்த்து, நானேதான் போட்டேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன் கோபத்தைச் சமாதானப்படுத்தத் தெம்பு இருந்த காலம் போய்விட்டது. மில்லில் நின்று வீட்டுக்கு வந்தால் காலை நீட்டி உட்காரத்தான் தோன்றுகிறது. இருந்தாலும் காரணம் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவசரப்படாமல் படி.

உங்கள் தொழிற்சாலை பெரிதாகிறது, ஆள் வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். வெளியாள் வந்து பெருமை பேசினால் யாரும் நம்புவதில்லை, உள்ளே வேலை பார்க்கிறவர்களே தங்கள் வேலையைப் பற்றிக் கட்டுரை எழுதினால் அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்துத் தொழிற்பள்ளிகளில் கொடுக்கலாம், படிக்கிற பிள்ளைகள் ஆசைப்பட்டு வந்து சேருவார்கள் என்று உங்கள் ஆபீசர் சொன்னாராம். நன்றாக எழுதுகிறவனை மெஷின் பக்கத்திலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு மாற்றுவதாகவும் ஜாடையாகச் சொன்னாராம். அந்த நாற்காலி உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். பகலில் லேத்தில் நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்கு ஓடுகிறவனுக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தால் அது பெரிய விஷயம்தான். 'நம் வீட்டு எழுத்தாளர் அப்பாதான், அவரைத் திருத்தித் தரச் சொல்லுங்கள்' என்று கடைசியில் வேடிக்கையாக எழுதியிருந்தாய். 

முதல் இரண்டு பக்கத்தில் மெஷின், சுத்தமான தரை, கேண்டீன் தோசை எல்லாம் எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தோசையைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகம், வீட்டில் அம்மா பட்டினி போட்டு வளர்த்த மாதிரி. மூன்றாவது பக்கம் முழுக்க உன் சிநேகிதன் வேதகிரி. வகுப்பு இருக்கிற நாளில் நீ சீக்கிரம் கிளம்புவதற்காக அவன் உன் லேத்தையும் சேர்த்துப் பார்க்கிறான், சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் உன் கணக்கும் குறைவதில்லை அவன் கணக்கும் குறைவதில்லை, இப்படிப்பட்ட நட்பு இந்தத் தொழிற்சாலையில்தான் கிடைக்கும் என்று எழுதியிருந்தாய். அழகாக எழுதியிருந்தாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வேதகிரி இன்னும் தற்காலிக வேலையில் இருக்கிறான், கைக்குழந்தைக்காரன் என்று போன கடிதத்தில் எழுதியவனும் நீதான். உங்கள் ஆபீசர் அந்தப் பக்கத்தைப் படித்தால் அவர் கண்ணுக்கு நட்பு தெரியுமா, இரண்டு மெஷினுக்கு ஒரு ஆள் போதும் என்பது தெரியுமா? நீ அதை யோசிக்கவில்லை. உன் அப்பாவும் அன்றைக்கு யோசிக்கவில்லை.

உன் அப்பா எழுதிய கட்டுரை உனக்குத் தெரியும். அச்சில் வந்ததும் உனக்கு ஒன்று அனுப்பினோம். நீ அப்போது விழுப்புரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அதை வாத்தியாரிடம் காட்டினாய் என்றும், வகுப்பில் வாசிக்கச் சொன்னார் என்றும் எழுதினாய். அதற்குப் பிறகு இங்கே நடந்ததை நாங்கள் உனக்குச் சொல்லவில்லை. முதலில் படிப்பு கெடும் என்று சொல்லவில்லை. அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் 'கலியபெருமாள் சித்தப்பா ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை' என்று கேட்பாய். ஊரில் வேலை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர் கொடி இறங்கி நம் கொடி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மில்லில் அதுவரை முசே என்று கூப்பிட்டவர்களை சார் என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தோம். நாக்கு சில நாள் இரண்டையும் சேர்த்தே சொல்லும். புதிதாக ஒரு கொட்டகை கட்டினார்கள், தறிகள் வந்து இறங்கின, ராத்திரி ஷிப்டும் வரப்போகிறது என்றார்கள். ஆனால் ஆள் வரவில்லை. அரியாங்குப்பத்துப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களும் சுற்றுக் கிராமத்தில் ஏர் பிடிக்கிறவர்களும் மில் என்றாலே பயந்தார்கள். பஞ்சு நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும், சங்கு ஊதினால் ஓடணும், மேஸ்திரி அடிப்பான் என்று பேச்சு. அதில் பாதி உண்மை, பாதி பழைய கதை. மில்லில் அப்போது புதிதாக ஒரு லேபர் ஆபீசர் வந்திருந்தார். படித்தவர், நல்ல மாதிரியாகப் பேசுவார், தொழிலாளியைத் தோளில் தட்டிக் கூப்பிடுவார். அவர் மூளையில்தான் இந்த யோசனை உதித்தது. 'நானும் என் மில்லும்' என்று ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள், நல்லதைப் புத்தகமாகப் போடுவோம், ஊர் ஊராகக் கொடுப்போம், எழுதினவர் படமும் வரும் என்றார்.

எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லி எழுதினார்கள். ஸ்டோர் குமாஸ்தா மேடையில் பேசுகிற தமிழில் எழுதினார். அதில் மில் எங்கே வருகிறது என்று ஆபீசராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பாய்லர்காரர் ஒருவர் தனக்கு எந்தக் குறையும் இல்லை, கக்கூசுக்கு மட்டும் கதவு போட்டுக் கொடுக்கணும் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அது புத்தகத்தில் வரவில்லை, ஆனால் கதவு வந்தது. நான் நூலைச் சுற்றிச் சிட்டம் போடுகிற பகுதியில் இருந்தேன். என்னையும் எழுதச் சொன்னார்கள். கன்னியாஸ்திரிகள் பள்ளியில் கற்றுக்கொண்ட எழுத்து இருந்தது, எழுதியிருக்கலாம். சமைப்பதா எழுதுவதா என்று கேட்டுவிட்டேன். உன் அப்பாவுக்கு மட்டும் அது விளையாட்டாக இல்லை. படிக்க ஆசைப்பட்டுப் படிக்க முடியாமல் போன மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, பலகையை மடியில் வைத்து எழுத உட்கார்ந்தார். வீட்டுக்குள் சட்டை எதுக்கு என்று கேட்டேன். "எழுதும்போது ஒரு மரியாத வேணாமா?" என்றார்.

அவர் கலியபெருமாளைப் பற்றி எழுதினார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தறி, ஆளுக்கு இரண்டு. தறி ஓடுகிற சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கொட்டகையில் எல்லாமே கைஜாடைதான். ஒருவன் தண்ணீர் குடிக்கவோ ஒதுங்கவோ போகவேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவனிடம் இரண்டு விரலைக் காட்டுவான். என் இரண்டையும் பார்த்துக்கொள் என்று அர்த்தம். இது யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, எழுதிவைத்ததும் இல்லை, வந்தவன் எல்லாம் தானாகக் கற்றுக்கொள்வான். கலியபெருமாளுக்குப் பஞ்சுத் தூசியால் நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. மத்தியானத்துக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். இரண்டு விரலைக் காட்டிவிட்டு நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். மூச்சு அடங்குகிற வரைக்கும் உன் அப்பா நான்கு தறியையும் ஓட்டுவார். இழை அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட்டு, நூல் தீர்ந்தால் ஓடிப்போய் மாற்றி, வேர்த்து ஊற்றும். மேஸ்திரிக்கும் இது தெரியும். அந்த நேரத்தில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்.

எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது மறக்கவில்லை. 'என் பக்கத்துத் தறிக்காரர் கலியபெருமாளுக்கு மூச்சு முட்டும்போது இரண்டு விரலைக் காட்டுவார். அவர் இளைப்பாறி வரும்வரை அவருடைய தறிகளையும் என்னுடையவற்றோடு சேர்த்து நானே ஓட்டுவேன். ஒரு வருஷமாக இப்படித்தான். ஒரு கஜம் துணிகூடக் குறைந்ததில்லை. கூடப் பிறந்தவன் இப்படிப் பார்த்துக்கொள்வானா? எங்கள் மில்லுக்கு வாருங்கள். உங்களுக்கும் ஒரு பக்கத்துத் தறிக்காரர் கிடைப்பார்.' நான் சோற்றுக் கரண்டியோடு நின்று கேட்டேன். எல்லாவற்றிலும் இதுதான் நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். கலியபெருமாளுக்கும் வாசித்துக் காட்டினார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "என்னைப் பத்திப் போயி எழுதுறியே அண்ணே, வேற ஆளே கெடைக்கலியா?" என்று சிரித்தார். எங்கள் மூன்று பேருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை.

ஆபீசருக்கு அந்தக் கட்டுரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. புத்தகத்தில் அதைத்தான் முதலில் போட்டார்கள். படம் எடுக்கும்போது கோட்டு வேண்டும் என்றார்கள். நம் பின்தெருவில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோன் வரை போய்வந்து பென்ஷன் வாங்குகிற சிப்பாய், சொல்தா தாவீது இருந்தாரே, அவரிடம் கோட்டு இரவல் வாங்கினோம். அவர் உன் அப்பாவைவிட இரண்டு சுற்று பெருத்தவர். பின்னால் ஊக்கு குத்தி இழுத்துப் பிடித்துத்தான் படம் எடுத்தார்கள். படத்தில் முன்பக்கம்தானே தெரியும். பிற்பாடு கிராமத்திலிருந்து வந்து சேர்ந்த பையன்களில் இரண்டு மூன்று பேர் மேஸ்திரியிடம், "கோட்டு எப்ப குடுப்பீங்க?" என்று கேட்டார்களாம். அந்த மாதம் முழுக்க மில்லில் அதுதான் சிரிப்பு.

மாட்டு வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டி ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். பெரிய மார்க்கெட் வாசலிலும் வாசித்தார்கள், ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்திலும் வாசித்தார்கள். அங்கேதான் கலியபெருமாள் வீடு. அவர் பெண்சாதி அஞ்சலை கூடையோடு நின்று கேட்டாளாம். தன் புருஷன் பெயர் ஒலிபெருக்கியில் வருகிறதே என்று அவளுக்கு ஒரே பெருமை. மறுநாள் மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "அண்ணி, ஊரே கேட்டுச்சி. அண்ணன் இன்னாமா எழுதியிருக்காரு" என்று சொல்லி, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு வஞ்சிரத் துண்டை என் பையில் போட்டாள். ஆட்கள் வந்தார்கள். கட்டுரையைக் கேட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று உன் அப்பாவைத் தேடி வந்து கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்தச் சில மாதங்கள் உன் அப்பா நடந்த நடையே வேறு.

புதுக் கொட்டகை ஓட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் வெளியூரிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்தார். கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உன் அப்பாவின் பின்னால் நின்றார். பக்கத்தில் லேபர் ஆபீசர். கலியபெருமாளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, நான்கு தறியையும் ஓட்டிக் காட்டு என்றார்கள். உன் அப்பா ஓட்டிக் காட்டினார். ஏதோ சோதனை, நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்று நினைத்து வெறி பிடித்த மாதிரி ஓட்டியிருக்கிறார். முடிந்ததும் ஆபீசர் தோளில் தட்டி, "இன்னாய்யா, நீ எழுதினது சரியாத்தான் இருக்குது. அப்புறம் எதுக்கு நாலு தறிக்கு ரெண்டு பேரு?" என்றாராம். அப்போதுதான் உன் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. "சார், அது ஒடம்பு முடியாத நேரத்துக்கு. கொஞ்ச நேரம் பாப்பேன். நாள் பூரா யாராலயும் முடியாது சார்" என்றிருக்கிறார். ஆபீசர் கோபப்படவில்லை. பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து, "ஒரு வருசமா பாக்குறேன்னு போட்டிருக்கியே. ஒரு கஜம் கூடக் கொறயலன்னு நீதான் சொல்ற" என்று அந்த இடத்தைக் காட்டினாராம். அச்சில் ஏறிவிட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

புதிதாக வந்தவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே நான்கு தறி கொடுத்தார்கள். இங்கே இதுதான் வழக்கம், கட்டுரையில் கேட்டீர்களே என்றார்கள். அவர்களுக்கும் பக்கத்துத் தறிக்காரர் கிடைத்தார்தான். விரல் காட்டத்தான் முடியவில்லை, ஒருத்தன் எட்டுத் தறியை எப்படிப் பார்ப்பான்? தண்ணீர் குடிக்காமல் நின்று மயங்கி விழுந்த பையன்களை எங்கள் பகுதி வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பழைய கொட்டகையிலும் பாதிப் பேருக்கு மெல்ல நான்கு தறி வந்தது. மீதிப் பேரைப் பதிலி ஆளாக ஆக்கி, கூப்பிட்ட நாளில் மட்டும் வரச் சொன்னார்கள். கலியபெருமாளை டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, மூட்டைக்குப் பின்னால் எத்தனை நேரம் உட்காருவாய் என்று கேட்டாராம். அதுவும் கட்டுரையிலிருந்து வந்த கேள்விதான். உடம்பு தகுதியில்லை என்று சீட்டைக் கிழித்துவிட்டார்கள். கொட்டகையில் உன் அப்பா ஆபீசரிடம் ஏதோ வாங்கிக்கொண்டு எழுதினார் என்று சிலர் பேசினார்கள். பேசாதவர்கள் வேறு ஒன்று செய்தார்கள். அதற்குப் பிறகு யாரும் உன் அப்பாவிடம் இரண்டு விரலைக் காட்டவில்லை.

கலியபெருமாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். உன் அப்பா உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார், வெளியே வரவில்லை. நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, வெளிய வா. நான் சண்ட போட வரல."

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வர்றது?"

"நீ இன்னா பொய்யா எழுதின? உள்ளதத்தான எழுதின. நல்லதாத்தான எழுதின."

 கலியபெருமாள் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். அப்புறம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்திச்சி அண்ணே. மேஸ்திரி நம்மள எத்தினி வாட்டி திட்டியிருப்பான். அவன் கூட இத ஆபீசுல போயிச் சொல்லல. பாத்தும் பாக்காத மாதிரி போனான். நீதான் சொல்லிட்ட."

காப்பி போடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் அண்ணி. வெயிலு ஏறிட்டா பாலம் தாண்ட முடியல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் நம் வீட்டுக்கு வரவில்லை.

உன் அப்பா ஆபீசுக்குப் போய்ப் பார்த்தார். அந்தக் கட்டுரையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள், நான் எழுதியது தப்பு என்று கேட்டார். ஆபீசர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, அடுத்த புத்தகத்துக்கும் நீதான் எழுதணும் என்றாராம். அந்த ஆபீசரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் எதிரில் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார். அவருக்கு வேண்டியது அதில் இருந்தது, எடுத்துக்கொண்டார். உன் அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து எழுதுகிற பலகையைப் பரண் மேல் போட்டார். உனக்குக் கடிதம் எழுதுவதுகூட அன்றிலிருந்து என் வேலை ஆயிற்று. அப்பா ஏன் இரண்டு வரிகூட எழுதமாட்டேன் என்கிறார் என்று நீ எத்தனை முறை கோபித்துக்கொண்டிருக்கிறாய். உன் மேல் அவருக்கு ஒன்றும் இல்லை.

கலியபெருமாள் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வலை பின்னித் தருகிறார், முடிந்த நாளில். அஞ்சலை பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுக் குடும்பத்தை ஓட்டுகிறாள். நான் வேறு யாரிடமும் மீன் வாங்குவதில்லை. அவளும் எனக்குக் கெட்ட மீன் கொடுத்ததில்லை. விலையைச் சொல்லுவாள், வெட்டிக் கொடுப்பாள், அவ்வளவுதான் பேச்சு. அண்ணி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு வாரமும் அவள் எதிரில் போய் நிற்கும்போது எனக்கு அலுப்பாக இருக்கிறது. போகாமல் இருந்தால் அதைவிடக் கேவலமாக இருக்கும் என்று போகிறேன். இதெல்லாம் யாருக்கும் சொல்லிக்கொள்கிற துக்கம் இல்லை. தேய்ந்துபோன துக்கம், ஆனாலும் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கிறது.

உனக்கு நான் புத்தி சொல்லி ரொம்ப நாள் ஆகிறது. வளர்ந்த பிள்ளைக்குத் தபாலில் புத்தி சொல்வது எனக்கே பிடிக்காது. ஆனாலும் இதைக் கேட்டுக்கொள். உன் ஆபீசருக்குக் கட்டுரை எழுதிக் கொடு. எழுதாதே என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் சேர்ப்பது பாவம் இல்லை, எத்தனையோ வீட்டில் அடுப்பு எரியும். உன் மெஷினைப் பற்றி எழுது, தோசையைப் பற்றி எழுது, வேலை கற்றுக்கொள்ளும்போது கையைக் கிழித்துக்கொண்டாயே அதைக்கூட எழுது. அதெல்லாம் உன்னுடையது. வேதகிரி உனக்காகச் செய்வது உன்னுடையது இல்லை. அவன் அதை உனக்கு மட்டும்தான் கொடுத்தான். மூன்றாவது பக்கம் இல்லாவிட்டால் கட்டுரை சப்பென்று இருக்கும், நாற்காலி கிடைக்காமல் போகலாம். எனக்கும் அது தெரியும். நீ உட்கார்ந்து வேலை பார்க்கணும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. நின்று நின்று என் கால் வீங்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உன் காலை நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் அதை அடுப்பில் போட்டேன்.

நீ கேட்டபடி அப்பாவிடம் கட்டுரையைக் கொடுத்தேன். அவருக்கு இப்போது கண்ணில் திரை விழுந்திருக்கிறது, தறிச் சத்தத்தில் காதும் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசிக்க வேண்டும், தெருவே கேட்கும். இரண்டு பக்கத்தை வாசித்துவிட்டு அவ்வளவுதான் என்றேன்.  "கூட நிக்கிறவனப் பத்தி ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஒரு வரி கூடவா?" என்றார். ஒரு வரியும் இல்லை என்றேன். கலியபெருமாள் வந்துபோன நாளிலிருந்து அப்படித் தெளிந்த ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. "என் புள்ளைக்கு வெவரம் தெரிஞ்சிருக்குது. நான் சொல்லாமலே தெரிஞ்சிருக்குது" என்று சொல்லி, என் கையிலிருந்த இரண்டு பக்கத்தையும் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். திருத்த ஒன்றும் இல்லை, அப்படியே அனுப்பு என்றார்.

நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. நீ மூன்றாவது பக்கத்தை மறுபடியும் எழுதிவிடலாம், உனக்கு அது மனப்பாடமாக இருக்கும். யாராலும் உன்னைத் தடுக்கமுடியாது. ஆனால் புத்தகம் அச்சானதும் வீட்டுக்கு ஒன்று அனுப்புவாய். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசி என்பார். அவர் காதருகே உட்கார்ந்து உரக்க வாசிக்கப்போகிறவள் நான்.

உன் அம்மா